கடலைக் கணக்கிட்டவர்கள்: வடகடல் கற்றுத்தந்த பாடம்

1953 ஆம் ஆண்டு ஜனவரி 31 ஆம் திகதி ஒரு சனிக்கிழமை. ஸ்கொட்லாந்தின் வடக்கே கடந்து சென்ற கடும் புயல் ஒன்று அன்று வடகடலுக்குள் திரும்பியது. அதே புயலில் அகப்பட்டு, ஸ்கொட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் இடையே ஓடிய 'பிரின்சஸ் விக்டோரியா' என்ற பயணிகள் கப்பல் பிற்பகலில் மூழ்கி 130 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாலை ஏழு மணியளவில் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள லிங்கன்ஷயர் மாவட்டத்துச் சிற்றூர்களுக்குள் கடல் புகுந்தது. ஏழரை மணிக்குள் கிங்ஸ் லின் நகரம் நீரில் நின்றது. ஹன்ஸ்ரன்ரனில் இருந்து புறப்பட்ட ரயில் ஒன்றின் மீது, வெள்ளத்தில் மிதந்து வந்த வீடு ஒன்று மோதி அதனை வழியில் நிறுத்தியது. ஒன்பது, பத்து மணியளவில் யார்மத், நள்ளிரவில் ஹார்விச், அதிகாலை ஒரு மணியளவில் தேம்ஸ் நதியின் முகத்துவாரத்தில் உள்ள கான்வே தீவு. அத்தீவில் மாத்திரம் 58 பேர் இறந்தனர். கடல் வந்தபோது அவர்களிற் பெரும்பாலானோர் உறக்கத்தில் இருந்தனர்.

லிங்கன்ஷயருக்கும் கான்வே தீவுக்கும் இடையில் ஆறு மணித்தியாலங்கள் இருந்தன. வடக்கே கடல் கரையை உடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டது என்ற செய்தி, அந்த ஆறு மணித்தியாலத்தில் தெற்கே சென்று சேரவில்லை. தொலைபேசிக் கம்பிகள் பல இடங்களில் அறுந்திருந்தன. வாரஇறுதி இரவாகையால் அலுவலகங்கள் மூடப்பட்டிருந்தன. நாடு தழுவிய வெள்ள எச்சரிக்கை ஒழுங்கு என்று ஒன்று அக்காலத்தில் இருக்கவில்லை. இங்கிலாந்தில் அன்று இறந்தோர் தொகை 307. எசெக்ஸ் மாவட்டத்தில் அந்த ஓர் இரவு எப்படிக் கழிந்தது என்பதை ஹில்டா கிரீவ் என்ற வரலாற்றாசிரியை ஊர் ஊராகத் தொகுத்து 1959 இல் பெருநூலாக வெளியிட்டார். வெள்ளத்தின் வரலாறு என்பதைவிடச் செய்தி சேராமற்போன வரலாறு என்றே அந்நூலைச் சொல்லத் தோன்றுகிறது.

கடலுக்கு அப்பால் நெதர்லாந்தில் நிலைமை இதனினும் கொடியது. அந்நாட்டு வளிமண்டலவியல் நிறுவனம் சனிக்கிழமை மாலையிலேயே அபாயகரமான கடல் மட்டம் பற்றித் தந்தி மூலம் எச்சரித்திருந்தது. ஆனால் அத்தந்தியைப் பெறுவதற்குப் பதிவு செய்திருந்த அணைக்கட்டு நிர்வாகங்கள் மிகச் சிலவே. வானொலி நள்ளிரவில் வழக்கம்போல ஒலிபரப்பை முடித்துக்கொண்டது. பெப்ரவரி முதலாந் திகதி அதிகாலையில் சீலாந்து மாகாணத்தின் அணைகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. இறந்தோர் 1836 பேர்.

நான் விஞ்ஞானி அல்லன். வாழ்நாளின் பெரும்பகுதியைச் செய்தி எழுதுவதிலும் பிறர் எழுதிய செய்தியைத் திருத்துவதிலும் கழித்தவன். கடலைக் கணினியில் கணக்கிடும் கலையின் வரலாற்றை நான் தேடிப் படிக்கத் தொடங்கியதற்கு அந்த ஆறு மணித்தியாலமே காரணம். கடல் எவ்வளவு உயரும் என்று கணக்கிடுவது ஒரு வேலை. அக்கணக்கை உறங்குகின்ற ஒருவனின் வாசற்கதவு வரை கொண்டு சேர்ப்பது இன்னொரு வேலை. முதலாவது வேலையில் மனித இனம் கடந்த நூற்றாண்டில் அடைந்த வெற்றி வியக்கத்தக்கது. இரண்டாவதைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

ஓதமும் புயற்பெருக்கும்

கடல் மட்டம் உயர்வதற்கு இரு காரணங்கள் உண்டு. ஒன்று, சந்திரனும் சூரியனும் ஈர்ப்பதனால் உண்டாகும் ஓதம். நாம் வற்றுப்பெருக்கு என்று சொல்வது. இலங்கைக் கரைகளில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே ஓத அட்டவணை என்பது எமது அன்றாட வாழ்வில் பெரிதாக இடம்பெறுவதில்லை. இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்திலோ பறுவம், அமாவாசை நாட்களை அண்டி நீர் எட்டு, ஒன்பது மீற்றர் ஏறி இறங்கும். அங்கே அட்டவணை இல்லாமல் ஒரு கப்பலும் துறைமுகத்துக்குள் நுழைய முடியாது.

மற்றையது, புயல் எழுப்பும் பெருக்கு. வளியமுக்கம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் உயரும். இது சிறிய அளவு. பெரிய அளவைச் செய்வது காற்று. அது நீரைக் கரையை நோக்கித் தள்ளிக் குவிக்கிறது. ஆழ்கடலில் தள்ளப்பட்ட நீர் கீழ்வழியாகத் திரும்பிப் போய்விடும். ஆழம் குறைந்த கடலில் அதற்கு இடமில்லை. கண்டங்களைச் சுற்றி, கரையிலிருந்து பல மைல் தூரத்துக்கு, ஏறத்தாழ 200 மீற்றர் ஆழம் வரையிலும் பரந்திருக்கும் கண்டமேடைக் கடல்கள் ஆபத்தானவையாக இருப்பதற்குக் காரணம் இதுவே. வடகடலின் சராசரி ஆழம் 90 மீற்றர் அளவானது. அதன் தென்பகுதி இன்னும் ஆழங்குறைந்தது, தெற்கே போகப்போக ஒடுங்குவதும் கூட. வங்காள விரிகுடாவின் வடமுனையும் அத்தகையதே.

ஓதத்தைக் கணிக்கும் கலை முதலில் முதிர்ந்தது. கெல்வின் பிரபு எனப் பின்னர் அறியப்பட்ட வில்லியம் தொம்சன், 1872 இல் சில்லுகளும் கப்பிகளும் கொண்ட ஓதக் கணிப்புப் பொறியை வடிவமைத்தார். சந்திர சூரியரின் ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு சில்லு. எல்லாவற்றையும் ஒரு கம்பி கூட்டித்தரும். 1919 இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் கப்பற்சொந்தக்காரரின் பண உதவியுடன் ஓத ஆய்வு நிறுவனம் அமைந்தது. ஜோசப் பிரவுட்மன் அதன் பணிப்பாளர். ஆதர் டூட்சன் செயலாளர். டூட்சன் செவிப்புலன் குன்றியவர். முதலாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மனச்சான்று இடந்தரவில்லை என்று மறுத்தவர். பின்னர் மெர்சி நதிக்கு அப்பால் உள்ள பிட்ஸ்ரன் குன்றின் அவதான நிலையத்திலிருந்து உலகின் பல துறைமுகங்களுக்கு ஓத அட்டவணைகளைக் கணித்தவர் அவரே.

1944 ஜூன் மாதத்தில் நேச நாடுகளின் படைகள் நோர்மண்டிக் கரையில் இறங்கியமைக்கான ஓதக் கணிப்பும் அவருடையதுதான். பிரித்தானியக் கடற்படையின் நீரியல் வரைபடப் பிரிவு அவருக்கு எண்களை அனுப்பியது. எந்தக் கரை என்று கூறவில்லை. 'இசட் நிலை' என்பதே அதன் பெயர். குண்டுவீச்சில் இரண்டும் ஒருங்கே அழியாதிருக்கும்பொருட்டு இரண்டு பொறிகளும் வெவ்வேறு இடங்களில் வைக்கப்பட்டிருந்தன. ஆயுதம் ஏந்த மறுத்த மனிதரின் கணக்கு, வரலாற்றின் மிகப்பெரிய கடல்வழிப் படையிறக்கத்துக்கு நேரம் குறித்தது.

நடுக்கடலில் ஓதம் எப்படி இருக்கும் என்பதும் பழைய வினாவே. வடகடலின் நடுவே ஓரிடத்தில் நீர் ஏறுவதும் இல்லை இறங்குவதும் இல்லை, ஓத அலை அவ்விடத்தை அச்சாகக் கொண்டு சுற்றிவருகிறது என்று வில்லியம் ஹியூவெல் 1836 இல் ஊகித்தார். 1840 ஆகஸ்டில் கப்டன் வில்லியம் ஹியூவிட் தமது 'ஃபெயரி' கப்பலில் அங்கு சென்று, ஈயக்குண்டு கட்டிய கயிற்றால் ஆழத்தை மீண்டும் மீண்டும் அளந்து, ஊகம் சரி என்று காட்டினார். அதே ஆண்டு நவம்பரில் அக்கப்பல் புயலில் அகப்பட்டு அவரோடும் மாலுமிகளோடும் வடகடலில் மறைந்தது. இக்கடலைப் பற்றிய அறிவுக்கு உயிரே விலையாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

கையால் கணித்த காலம்

புயற்பெருக்குக்குச் சில்லுப்பொறி உதவாது. சந்திரனைப்போல் புயல் ஒழுங்காக வருவதில்லை. நீரின் இயக்கத்தை விபரிக்கும் சமன்பாடுகளை ஒவ்வொரு புயலுக்கும் புதிதாகத் தீர்க்க வேண்டும்.

முதலில் அந்த மலையில் ஏறியவர் நோபல் பரிசு பெற்ற பௌதிகவியலாளர் ஹென்ட்ரிக் லோரன்ஸ். நெதர்லாந்தின் சூய்டர்சே என்ற உள்கடலை அணையிட்டு மூட அரசு தீர்மானித்தது. மூடினால் வெளியே உள்ள கரைகளில் கடல் எவ்வளவு உயரும் என்று ஆராய 1918 இல் அமைக்கப்பட்ட குழுவுக்கு அவர் தலைவரானார். கடலைக் கால்வாய்களின் வலையமைப்பாகப் பிரித்து, எட்டு ஆண்டுகள் கையாலேயே கணக்கிட்டு, 1926 இல் அறிக்கை தந்தனர். 1932 இல் அணை மூடப்பட்டபோது ஓதம் அவர்கள் சொன்னபடியே உயர்ந்தது. லோரன்ஸ் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே காலமாகிவிட்டார்.

வளிமண்டலத்தில் இதே முயற்சியைச் செய்தவர் லூயிஸ் ஃபிரை ரிச்சட்சன். இவரும் போர் மறுப்பாளர். பிரான்ஸில் காயம்பட்ட வீரர்களை ஏற்றிச்செல்லும் வண்டியின் சாரதியாகப் பணிபுரிந்தவாறே, 1910 மே 20 ஆம் திகதியின் வானிலையைச் சமன்பாடுகளால் கணித்துப் பார்த்தார். ஆறு மணித்தியாலத்தில் வளியமுக்கம் 145 மில்லிபார் மாறும் என்று விடை வந்தது. உண்மையில் அன்று அமுக்கம் அசையவே இல்லை எனலாம். தமது தோல்வியை மறைக்காமல் 1922 இல் நூலாக வெளியிட்டார். உலகை நிலக்கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் அயற்கட்டங்களின் நிலையைக் கொண்டு அடுத்த கணத்தைக் கணிப்பது என்ற அவருடைய முறையே இன்றும் கடலுக்கும் வானத்துக்கும் அடிப்படை. அவர் வேண்டிநின்றது 64,000 மனிதர் ஒரே மண்டபத்தில் இருந்து கணிக்கும் ஒரு தொழிற்சாலை. அந்த மண்டபம் பின்னர் மின்னணுக் கணினியாக வந்தது.

இதற்கிடையில் 1928 ஜனவரியில் தேம்ஸ் நதி பெருகி லண்டனின் நிலவறைக் குடியிருப்புகளில் 14 பேர் மூழ்கி இறந்தனர். அதன்பின் டூட்சன் வடகடலின் பெருக்குகளை ஆராய்ந்தார். ஸ்கொட்லாந்துக் கரையில் எழும் பெருக்கு இங்கிலாந்தின் கிழக்குக் கரை வழியே தெற்கு நோக்கி நகர்ந்து பின் நெதர்லாந்துப் பக்கம் திரும்புகிறது. புவியின் சுழற்சி அதனைக் கரையோடு அணைத்துக்கொண்டு செல்லும். 40 மீற்றர் ஆழமான கடலில் அத்தகைய அலை மணிக்கு ஏறக்குறைய 70 கிலோமீற்றர் வேகத்தில் நகரும். ஒரு ரயிலின் வேகம். ஆகவே வடக்கே கண்டதைக்கொண்டு தெற்கே நிகழவிருப்பதைச் சொல்ல இயலும். இது 1953 க்கு முன்னரே அறியப்பட்டிருந்தது. நெதர்லாந்தில் ஜொஹான் வான் வீன் என்ற பொறியியலாளர் அணைகளின் உயரம் போதாது என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார். தாம் சொல்வதை எவரும் நம்பாததால், கிரேக்கப் புராணத்தில் உண்மையை முன்னறிந்து கூறியும் நம்பப்படாத கசாந்திராவின் பெயரையே புனைபெயராக வைத்துக்கொண்டார்.

கணினி வந்தபின்

1953 இன் பேரழிவை ஆராய பிரித்தானியா வேவர்லி பிரபுவின் தலைமையில் குழு அமைத்தது. இவரே ஜோன் அண்டர்சன் என்ற பெயரில் 1932 முதல் 1937 வரை வங்காளத்தின் ஆளுநராக இருந்தவர். இரண்டாம் உலகப் போர்க்கால வீட்டுத் தோட்டப் பதுங்குகுழிகளுக்குப் பெயர் தந்தவர். எச்சரிக்கைச் சேவை ஒன்று நிரந்தரமாக வேண்டும், தேம்ஸ் நதிக்கு மூடித்திறக்கும் தடுப்பணை வேண்டும் என்பன அக்குழுவின் பரிந்துரைகளில் முக்கியமானவை. எச்சரிக்கைச் சேவை உடனே தொடங்கியது. அணைக்கோ, கப்பற் போக்குவரத்துப் பற்றிய வாதங்களினால், 1982 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்போதைய எச்சரிக்கைகள் பழைய புயல்களின் பதிவுகளிலிருந்து பெற்ற எளிய சூத்திரங்களையே நம்பியிருந்தன. கடலையே கணினிக்குள் கொண்டுவந்த முதல் முயற்சி ஜேர்மனியில் நடந்தது. ஹம்பேர்க் நகரின் வோல்டர் ஹன்சன், வடகடலைக் கட்டங்களாகப் பிரித்து 1953 இன் பெருக்கைக் கணித்து 1956 இல் வெளியிட்டார். நடந்து முடிந்ததைத் திரும்பக் கணித்த முயற்சி அது. ஆனால் கடல் கணக்குக்கு இணங்கும் என்று காட்டியது.

ஹன்சனின் நகரமே ஆறு ஆண்டுகளின் பின் மூழ்கியது என்பது இவ்வரலாற்றின் கசப்பான பகுதி. 1962 பெப்ரவரி 16 ஆம் திகதி இரவு எல்பே நதி வழியே கடல் ஏறி ஹம்பேர்க்கில் 315 பேர் இறந்தனர். வடகடற் கரைக்குக் கடும் பெருக்கு வரும் என்று வானொலி அறிவித்திருந்தது. ஹம்பேர்க் கடலிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீற்றர் உள்ளே இருக்கிறது. கரை என்ற சொல் தங்களைக் குறிக்கிறது என்று நகரவாசிகள் எண்ணவில்லை. இம்முறை செய்தி சேர்ந்தது. அதன் பொருள் சேரவில்லை.

பிட்ஸ்ரனில் நோர்மன் ஹீப்ஸ் 1969 இல் ஆழங்குறைந்த கடலுக்கான கணினி மாதிரியுருவை வெளியிட்டார். அவரைத் தொடர்ந்து ரோஜர் ஃபிளாதர் வடமேற்கு ஐரோப்பாவின் கண்டமேடை முழுவதையும் ஏறக்குறைய 35 கிலோமீற்றர் பக்கமுள்ள கட்டங்களில் அடக்கினார். கட்டத்தைச் சிறிதாக்குவது எளிதன்று. பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்காகும். அலை ஒரு கட்டத்தைத் தாண்டிக் குதித்துவிடாதபடி காலத்தையும் பாதியாக நறுக்க வேண்டும். ஆக வேலை எட்டு மடங்கு. இந்தக் கணக்கே கணினிகளின் வளர்ச்சியோடு கடல் எதிர்வுகூறலின் வளர்ச்சியைக் கட்டிப்போட்டிருந்தது. 1978 இல் ஃபிளாதரின் மாதிரியுரு பிரித்தானிய வளிமண்டலவியல் அலுவலகத்தில் நாளாந்த சேவைக்கு வந்தது. அங்குள்ள வளிமண்டல மாதிரியுரு காற்றையும் அமுக்கத்தையும் கொடுக்கும். கடல் மாதிரியுரு நீர்மட்டத்தைச் சொல்லும். புயல் கரையைத் தொடுமுன், அது இன்னும் அத்திலாந்திக் கடலில் இருக்கும்போதே, துறைமுகம் துறைமுகமாக எண்கள் கிடைக்கத் தொடங்கின. 1990 களில் கட்டம் 12 கிலோமீற்றராகச் சுருங்கியது. தேம்ஸ் தடுப்பணையை எப்போது மூடுவது என்ற முடிவு இத்தகைய எண்களைக் கொண்டே எடுக்கப்படுகிறது. இதுவரை 200 தடவைகளுக்கு மேல் அது மூடப்பட்டிருக்கிறது.

கண்டமேடைக் கடலின் கணக்கு நீர்மட்டத்தோடு நின்றுவிடவில்லை. கோடையில் வெப்பநீர் மேலும் குளிர்நீர் கீழுமாகக் கடல் அடுக்காவது எங்கே, ஓதம் அவற்றைக் கலக்கிவிடுவது எங்கே என்பதை ஆழத்தையும் நீரோட்டத்தின் வேகத்தையும் கொண்டு சொல்லலாம் என ஜோன் சிம்சனும் ஹன்டரும் 1974 இல் காட்டினர். அவ்விரு பகுதிகளும் சந்திக்கும் எல்லையில் நுண்ணுயிர்கள் பெருகும். அவற்றைத் தேடி மீன் வரும். 1988, 1989 ஆம் ஆண்டுகளில் ஆய்வுக்கப்பல் ஒன்று 15 மாதங்கள் தொடர்ந்து வடகடலைச் சுற்றிவந்து தரவுகளைத் திரட்டியது. இன்று வெப்பநிலை, உவர்த்தன்மை, பாசிப்பெருக்கம், எண்ணெய்க் கசிவு செல்லும் திசை ஆகிய யாவும் நாளாந்தம் கணிக்கப்படுகின்றன.

பரீட்சை 2013 டிசம்பர் 5 ஆம் திகதி வந்தது. வடகடலில் எழுந்த பெருக்கு பல இடங்களில் 1953 இன் மட்டத்தை எட்டியது. சில இடங்களில் தாண்டியது. பல நாட்கள் முன்னதாகவே அபாயம் அறியப்பட்டிருந்தது. ஆயிரக்கணக்கானோர் வீடுகளிலிருந்து அகற்றப்பட்டனர். 2,800 அளவிலான கட்டடங்களில் நீர் புகுந்தது. பிரித்தானியாவில் இறந்தவர்கள் இருவர். அவர்களும் காற்றினால் நேர்ந்த விபத்துகளில் இறந்தவர்கள். 60 ஆண்டுகளில் 307 என்ற எண் இந்த அளவுக்கு இறங்கியது. அணைகளின் பங்கும் இதில் பெரிது. ஆனால் மக்களை எழுப்பி வெளியேற்றியது எதிர்வுகூறலும், அதனைத் தட்டிச் சொன்ன பொலிஸாரும் தொண்டர்களுமே.

வங்காள விரிகுடாவில்

வடகடலுக்கும் எமது கடலுக்கும் இந்த வரலாற்றில் நேரடித் தொடர்பு உண்டு. 1970 நவம்பர் 12 ஆம் திகதி இரவு அப்போதைய கிழக்குப் பாகிஸ்தானின் கழிமுகத் தீவுகளைப் புயற்பெருக்கு விழுங்கியது. இறந்தோர் மூன்று இலட்சத்துக்கும் மேல் என்பதே பொதுவாகக் கூறப்படும் குறைந்த மதிப்பீடு. அந்த அழிவை மேற்குப் பாகிஸ்தானின் ஆட்சியாளர் நோக்கிய விதம் அடுத்த மாதத்துத் தேர்தலிலும், அதன்பின் வங்காளதேசத்தின் பிறப்பிலும் எதிரொலித்தது. இந்திய வளிமண்டலவியலாளர் பி. கே. தாஸ் 1972 இல் வங்காள விரிகுடாவின் புயற்பெருக்குக்கான கணினி மாதிரியுருவை 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்டார். 1991 ஏப்ரலில் மற்றொரு புயல் வங்காளதேசத்தில் ஏறக்குறைய 1,38,000 பேரைக் கொன்றது. அந்தப் பெருக்கைத் தமது மாதிரியுருவில் கணித்து 1994 இல் ஆய்வுக்கட்டுரை எழுதியவர் பிட்ஸ்ரனின் ரோஜர் ஃபிளாதர்தான். வடகடலுக்காகப் பிறந்த கணக்கு வங்காளத்தின் கரைக்கும் பொருந்தியது.

ஆயினும் வங்காளதேசத்தில் உயிர்களைக் காத்தது கணக்கு மாத்திரமன்று. 1972 இல் தொடங்கிய சூறாவளித் தயார்நிலைத் திட்டத்தின் தொண்டர்கள் கையில் ஒலிபெருக்கியோடும் கொடியோடும் ஊர் ஊராகச் செல்கின்றனர். உயர்ந்த தூண்கள் மீது கட்டப்பட்ட புகலிடங்கள் ஆண்டுக்கு ஆண்டு பெருகின. 2007 இன் சிடர் புயலில் இறந்தோர் சில ஆயிரம் என்ற அளவுக்குத் தொகை குறைந்தது. இந்தியாவின் ஒடிசாவில் 1999 புயல் ஏறக்குறைய 10,000 பேரைக் கொன்றது. 2013 இல் வந்த பைலின் புயலின்போது பத்து இலட்சம் அளவிலான மக்கள் முன்கூட்டியே அகற்றப்பட்டதால் இறப்புகள் ஐம்பதுக்கும் குறைவாக இருந்தன. இதற்கு மாறானது மியன்மார். 2008 மே மாதத்து நர்கிஸ் புயல் பற்றி இந்திய வளிமண்டலவியல் திணைக்களம் முன்னரே அறிவித்திருந்தது. ஐராவதிக் கழிமுகத்தின் மக்களிடம் அது போய்ச்சேர வேண்டிய முறையில் சேரவில்லை. இறந்தோரும் காணாமற்போனோரும் ஏறக்குறைய 1,38,000.

பாக்குநீரிணை பல இடங்களில் 10 மீற்றர் ஆழமும் இல்லாத கடல். 1964 டிசம்பர் 22 ஆம் திகதி இரவு அது தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளுடன் கடலுக்குள் போனது. அதே புயல் இலங்கையின் வடபகுதியையும் தாக்கியது. ஆழங்குறைந்த கடல், வடக்கிலிருந்து உந்தும் காற்று என்னும் வடகடலின் இலக்கணம் எமது நீரிணைக்கும் பொருந்துவதே. 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியும் எமது தலைமுறையின் நினைவில் இருக்கிறது. இன்று ஹைதராபாத்தில் 1999 முதல் இயங்கும் இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை நிலையம் புயற்பெருக்கையும் அலையின் உயரத்தையும் கணித்து அறிவிக்கிறது. எனினும் 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் எழுந்தபோது, கன்னியாகுமரி, கேரளக் கரைகளிலிருந்து பல நாள் தொழிலுக்கு ஆழ்கடல் சென்றிருந்த மீனவர்களிடம் செய்தியைக் கேட்கும் சாதனமே இருக்கவில்லை. நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. 1953 இன் கான்வே தீவுக்கும் இவர்களுக்கும் இடையே 64 ஆண்டுகள் உள்ளன.

சொல் இல்லாத ஆபத்து

இங்கே ஒரு பத்திரிகையாளனாக நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு.

2013 நவம்பர் 8 ஆம் திகதி பிலிப்பைன்ஸின் தக்லோபன் நகரை ஹையான் புயல் தாக்கியது. நாட்டில் இறந்தோர் 6,000 க்கும் மேல். புயற்பெருக்கு வரும் என்று முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் அறிவிப்பில் பயன்பட்டது ஆங்கிலச் சொல். அது மக்களுக்கு விளங்கவில்லை. சுனாமி என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று தப்பியவர்கள் பலர் பின்னர் கூறினர். கணக்குச் சரியாக இருந்தது, சொல் தவறியது.

தமிழில் நமது நிலை என்ன? புயலின்போது கடல் கரையேறி வருவதற்கு எல்லோரும் அறிந்த ஒரு சொல் எம்மிடம் இன்னும் நிலைபெறவில்லை. புயல் அலை, புயற்பெருக்கு, கடற்பெருக்கு, ஓத எழுச்சி என்று ஒவ்வொருவரும் ஒன்று எழுதுகிறோம். அறிக்கைகளில் அதிகம் காண்பது 'கடல் கொந்தளிப்பாகக் காணப்படும்' என்ற வசனம். கொந்தளிப்பு என்பது கடலுக்குள் போகின்றவனுக்கான எச்சரிக்கை. வீட்டுக்குள் படுத்திருப்பவனுக்கு அது எதையும் சொல்வதில்லை. தன் முற்றத்தில் கழுத்தளவு நீர் நிற்கப்போகிறது என்று அச்சொல்லைக் கேட்டு எவனும் விளங்கிக்கொள்ள மாட்டான். 2004 டிசம்பருக்குப் பின் சுனாமி என்ற யப்பானியச் சொல்லை எமது கரையோரத்துக் குழந்தைகளும் அறிவார்கள். ஆனால் அது நிலநடுக்கத்தின் விளைவு. புயலின் விளைவுக்கு அதே சொல்லை வழங்கினால், நிலம் நடுங்காதபோது கடல் வராது என்ற தவறான நம்பிக்கை உண்டாகும்.

எனவே ஒரு சொல்லைத் தெரிவு செய்து, பாடப்புத்தகமும் வானொலியும் பத்திரிகையும் அதையே வழங்க வேண்டும். 'புயற்பெருக்கு' என்பது எனக்கு உகந்ததாகப் படுகிறது. கரையோர மக்கள் தம் பேச்சில் இதனினும் நல்ல சொல் வைத்திருந்தால் அதனையே எடுத்துக்கொள்ளலாம். அறிவித்தலில் கடல் எத்தனை அடி உயரும், கரையிலிருந்து எவ்வளவு தூரம் உள்ளே வரும், எத்தனை மணிக்கு வரும் என்ற மூன்றும் இருக்க வேண்டும். இம்மூன்றையும் இன்றைய மாதிரியுருக்கள் கணித்துத் தருகின்றன. கணினியிலிருந்து அறிவிப்பாளரின் நாவுக்கு வரும் வழியில் அவை 'கொந்தளிப்பு' என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிப்போகின்றன.

லோரன்ஸ் எட்டு ஆண்டுகள் கையால் கணித்ததையும், ரிச்சட்சன் போர்முனையில் கணித்துத் தோற்றதையும், டூட்சன் செவி கேளாத அமைதியில் அட்டவணை எழுதியதையும் எண்ணும்போது எனக்கு மிகுந்த மரியாதை உண்டாகிறது. கடல் மட்டம் உயர்ந்துகொண்டிருக்கும் இந்நூற்றாண்டில் அவர்களின் வழிவந்தோரின் எண்கள் மேலும் நுட்பமாகும். அந்த எண்களை எமது மக்களுக்கு விளங்கும் தமிழில் எழுதுவது பத்திரிகைத்துறையின் கடமை. அடுத்த புயல் வங்காள விரிகுடாவில் உருவாகும் முன் அதனைத் தொடங்குவது நல்லது.